சாலையோர நீதி – 9: கணக்கு எழுத வைத்த வழக்கு

சென்ற பகுதி அடால்ஃப் லயன்ஸின் வழக்கோடு நின்றது. 1976 அக்டோபரில் ஒருநாள், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், பின்விளக்கு எரியவில்லை என்று லாஸ் ஏஞ்சலிஸ் போலீசார் மடக்கிய 24 வயதுக் கறுப்பின இளைஞர் அவர். தான் எந்த எதிர்ப்பும் காட்டாதபோது கழுத்தை நெரித்து மயங்க வைத்தார்கள் என்பது அவர் புகார். கண் விழித்தபோது வாயிலிருந்து ரத்தமும் மண்ணும் வந்தன. கையில் ஓர் அபராதச் சீட்டைத் திணித்து அனுப்பிவிட்டார்கள். தனக்கு இழப்பீடு வேண்டும் என்பதோடு, அந்தக் கழுத்துப் பிடியையே தடை செய்ய வேண்டும் என்றும் லயன்ஸ் கேட்டார். 1983இல் உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, தடையை மறுத்தது. நடந்து முடிந்ததற்குப் பணம் கேட்கலாம். ஆனால் இதே மனிதர் மறுபடியும் மடக்கப்பட்டு மறுபடியும் கழுத்து நெரிக்கப்படுவார் என்று காட்ட முடியாதபோது, காவல்துறையின் வழக்கத்தை மாற்றும்படி கேட்க அவருக்கு உரிமையில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய தர்குட் மார்ஷல் சில எண்களை அங்கே பதிந்து வைத்தார். 1975 முதல் அந்த நகரத்தில் கழுத்துப் பிடிக்குப் பின் இறந்தவர்கள் 16 பேர். அவர்களில் 12 பேர் கறுப்பின ஆண்கள். நகரத்தின் மக்கள்தொகையில் கறுப்பின ஆண்கள் 9 சதவீதம் மட்டுமே. இந்த எண்கள் பெரும்பான்மை நீதிபதிகளை அசைக்கவில்லை என்றாலும், அடுத்து வந்த வழக்குகள் எந்தத் திசையில் போக வேண்டியிருந்தது என்பதை அவை முன்கூட்டியே காட்டிவிட்டன என்று நான் நினைக்கிறேன். சாலையோரத்தில் மடக்கப்படுகிறவர் தனி ஆள். மடக்குவது ஒரு துறை. தனக்கு நேர்ந்தது தற்செயலல்ல, துறையின் வழக்கம் என்று அந்தத் தனி ஆள் நிரூபிக்க வேண்டுமானால், தன்னைப் போல எத்தனை பேர் மடக்கப்பட்டார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அந்தக் கணக்கு போலீசிடம் மட்டுமே இருக்க முடியும். போலீசோ அதை எழுதி வைப்பதே இல்லை.

எழுத வைத்தது ஒரு குடும்பம்.

ராபர்ட் வில்கின்ஸ் இந்தியானா மாநிலத்தின் மன்ஸி நகரில் பிறந்தவர். முதலில் வேதிப் பொறியியல் படித்தார். பிறகு ஹார்வர்டில் சட்டம். வக்கீல் வைத்துக்கொள்ள வழியில்லாதவர்களுக்காகப் பொதுச்செலவில் வாதாடும் வாஷிங்டன் அலுவலகத்தில் 1992இல் பணியாற்றிக்கொண்டிருந்தார். அப்போது வயது 28. அந்த மே மாதத்தின் முதல் வாரத்தில் தாத்தாவின் இறுதிச் சடங்குக்காகச் சிகாகோ போயிருந்தார். மே 8ஆம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு வாஷிங்டன் நீதிமன்றத்தில் அவர் ஆஜராக வேண்டியிருந்தது. ஆகவே மாமா, அத்தை, ஒன்றுவிட்ட சகோதரர் ஆகியோருடன் ஒரு வாடகை காடிலாக் காரில் இரவோடிரவாகக் கிளம்பிவிட்டார். வண்டியை மாற்றி மாற்றி ஓட்டினார்கள்.

அந்த வாரம் எப்படிப்பட்ட வாரம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ராட்னி கிங்கை நடுத்தெருவில் போட்டு அடித்த போலீசாரைக் குற்றவாளிகள் அல்ல என்று நடுவர் குழு விட்டுவிட்டது ஏப்ரல் 29ஆம் தேதி. லாஸ் ஏஞ்சலிஸ் பற்றி எரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மே 4ஆம் தேதிதான் கலவரம் ஓய்ந்தது. நாட்டில் எந்தத் தொலைக்காட்சியைத் திருப்பினாலும் அந்தப் புகைதான். நான்கே நாள் கழித்து, கறுப்பினத்தவர் நால்வர் விடியற்காலையில் மேரிலாந்து மலைப்பகுதியைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

ஐ-68 என்னும் நெடுஞ்சாலை கம்பர்லாந்து என்ற பழைய ஊருக்குள் புகுந்து போகிறது. ஊருக்குள் வேகவரம்பு 40 மைல். சகோதரர் ஓட்டிக்கொண்டிருந்தார். 60 மைல் வேகத்தில் போனதாகச் சொல்லி, மேரிலாந்து மாநிலப் போலீஸின் நெடுஞ்சாலைக் காவலர் ஒருவர் ஓரங்கட்டச் சொன்னார். இதுவரை வழக்கமான விஷயம். ஓட்டியவரைக் கீழே இறக்கி வண்டிக்குப் பின்னால் அழைத்துப் போனவர், உடனே அனுப்பவில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க வில்கின்ஸும் மாமாவும் இறங்கிப் போனார்கள். வண்டியைச் சோதனையிடச் சம்மதிக்கிறேன் என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கக் காவலர் முயன்றுகொண்டிருந்தார்.

வில்கின்ஸ் தன்னை வழக்கறிஞர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அன்று காலை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்றார், சாவு வீட்டிலிருந்து திரும்புகிறோம் என்றார். காரில் இருப்பவர்களைக் கைது செய்யாமல் காரை ஏன் சோதிக்க வேண்டும் என்று கேட்டார். மறைக்க ஒன்றுமில்லை என்றால் சோதனைக்கு விடுவதில் என்ன கஷ்டம் என்ற கேள்விதான் பதிலாக வந்தது. இது வழக்கமான நடைமுறை, வாடகைக் கார்களில் போதைப்பொருள் கடத்துகிறார்கள் என்று விளக்கம் வேறு. குடும்பம் மறுத்தது. அப்படியானால் மோப்ப நாய் வரும் வரை காத்திருக்க வேண்டும் என்றார் காவலர். வில்கின்ஸ் அந்தச் சாலையோரத்திலேயே 1985ஆம் ஆண்டின் ஷார்ப் வழக்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்: அபராதச் சீட்டுக்குத் தேவையான நேரத்தைத் தாண்டி ஒருவரை நிறுத்தி வைக்க, குறிப்பிட்ட காரணத்தோடு கூடிய சந்தேகம் வேண்டும். காவலர் காதில் அது ஏறவில்லை.

சம்மதப் படிவம் என்ற இந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. சோதனைக்கு மறுக்கலாம் என்பதைப் போலீஸ் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1973இலேயே தீர்ப்பளித்துவிட்டது. அந்த ஷ்னெக்லாத் வழக்கும், முன்விளக்கு ஒன்று எரியாத காரைக் கலிஃபோர்னியாவில் இரவில் மடக்கியதில் தொடங்கியதுதான். விடியற்காலையில், யாருமற்ற சாலையில், துப்பாக்கி செருகிய ஒருவர் நீட்டும் படிவத்தில் கையெழுத்திடுவதைச் சட்டம் மனமுவந்த சம்மதம் என்கிறது. ஹார்வர்டில் படித்த வக்கீல் மறுத்தார். அதற்கே நாய் வந்தது. படிக்காதவர், பயந்தவர், பாதி ராத்திரியில் குழந்தைகளோடு போகிறவர் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டிகளைச் சாலையில் பிரித்துக் காட்டிவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் அனுப்பப்பட்டிருப்பார்கள்?

நாய் வந்தது. ஜெர்மன் ஷெப்பர்டு. அப்போது மழை. எல்லோரும் இறங்கி நிற்க வேண்டும் என்று உத்தரவு. துக்கத்திலிருந்து திரும்பும் குடும்பம் மழையில் சாலையோரமாக வரிசையில் நின்றது. நாய் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து முகர்ந்தது. ஒன்றும் இல்லை. 105 டாலர் அபராதச் சீட்டை எழுதிக் கொடுத்தார் காவலர்.

பல ஆண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டில், செனட்டின் துணைக்குழு ஒன்றின் முன் வில்கின்ஸ் சாட்சியம் அளித்தபோது இந்தக் காத்திருப்பில் தன்னை மிகவும் வருத்தியது எது என்று சொன்னார். அவர்கள் அப்படி நின்றுகொண்டிருந்தபோது ஒரு கார் கடந்து போனதாம். பின்னிருக்கையில் இரண்டு வெள்ளைக்காரக் குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தார்களாம். சுழலும் விளக்கு, போலீஸ், நாய், வரிசையாகக் கறுப்பு மனிதர்கள். இவர்கள் ஏதோ தப்புச் செய்திருக்கிறார்கள் என்றுதானே அந்தக் குழந்தைகள் எடுத்துக்கொண்டிருப்பார்கள், அதைத் திருத்த எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்றார். உரிமை மீறல் என்று சட்டப் புத்தகத்தில் படிக்கும்போது இந்த இழப்பு கண்ணில் படுவதில்லை. எந்த நீதிமன்றமும் இதற்கு விலை போட முடியாது.

1993 பிப்ரவரியில், அமெரிக்க சிவில் உரிமைகள் சங்கமான ஏசிஎல்யு-வின் மேரிலாந்துக் கிளையின் துணையோடு, நால்வரும் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அரசின் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவருடைய அரசியல் சட்ட உரிமையைப் பறித்தால் அவர்மீது வழக்குப் போடலாம் என்ற 1871ஆம் ஆண்டுச் சட்டத்தை இத்தொடரின் தொடக்கத்தில் விரிவாகப் பார்த்தோம். கு க்ளக்ஸ் க்ளான் கொலைகளைத் தடுக்க இயற்றி, தொண்ணூறு ஆண்டுகள் ஏறக்குறைய உறங்கி, 1961இல் சிகாகோ போலீஸ் மீதான மன்ரோ வழக்கில் எழுந்த சட்டம் அது. வில்கின்ஸ் குடும்பம் நின்றதும் அந்தத் தரையில்தான்.

குடும்பம் சொன்னது இரண்டு விஷயம். காரணமில்லாமல் நிறுத்தி வைத்தார்கள் என்பது ஒன்று. எங்கள் நிறத்தைப் பார்த்து நிறுத்தினார்கள் என்பது இன்னொன்று. முதலாவதை நடந்ததை வைத்தே நிரூபிக்கலாம். இரண்டாவது காவலரின் மனசுக்குள் இருப்பது. யார் ஒப்புக்கொள்வார்கள்?

மனசுக்குள் இருந்தது காகிதத்தில் கிடைத்தது. வழக்கின் விசாரணைக்கு முந்தைய கட்டத்தில் இரு தரப்பும் ஆவணங்களைக் காட்டியாக வேண்டும். அப்படி வெளிவந்த ஆவணங்களில் மாநிலப் போலீஸின் உளவு அறிக்கை ஒன்று இருந்தது. வில்கின்ஸ் மடக்கப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன் எழுதியது. கம்பர்லாந்து அமைந்திருக்கும் அலிகானி மாவட்டத்தில் கிராக் கொக்கெய்ன் புழங்குவதை அது எச்சரித்தது. விற்பவர்களும் கொண்டுவருபவர்களும் பெரும்பாலும் கறுப்பின ஆண்கள், கறுப்பினப் பெண்கள் என்று சொல்லி, ஐ-68 சாலையையும் குறிப்பிட்டிருந்தது. ஆணும் பெண்ணுமாகக் கறுப்பினத்தவர் அந்தச் சாலையில் போனால் அந்த வருணனைக்குப் பொருந்திவிடுவார்கள். வயது வரம்புகூட அதில் யாரையும் காப்பாற்றவில்லை.

அந்தக் காவலரைத் தனியொரு கெட்ட மனிதராக நினைத்துவிட்டால் வழக்கின் பொருளே கைநழுவிப் போகும். 1980களில் கூட்டாட்சிப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான டிஇஏ, ‘ஆபரேஷன் பைப்லைன்’ என்ற திட்டத்தில் நாடெங்கும் நெடுஞ்சாலைக் காவலர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. சாதாரணப் போக்குவரத்து விதிமீறலுக்கு மடக்கி, பேச்சுக் கொடுத்து, சம்மதம் வாங்கி, வண்டியைச் சோதிக்கும் கலையை அது பரப்பியது. கடத்தல்காரர் எப்படி இருப்பார் என்ற அடையாளப் பட்டியல்கள் புளோரிடாவிலிருந்து வடக்கு நோக்கிச் சாலை வழியாகவே பரவின. வாடகைக் கார் அந்தப் பட்டியலில் உண்டு. நிறம் சில இடங்களில் எழுத்திலும், பல இடங்களில் எழுதாமலும் அதில் இருந்தது. கம்பர்லாந்தில் அது எழுத்தில் இருந்தது, அதனால் அகப்பட்டது.

அந்த அறிக்கை வெளிவந்த பிறகு மாநிலத் தரப்பு வழக்கை நீட்டிப் பார்க்கவில்லை. 1995 ஜனவரியில் சமரசம் ஆயிற்று. குடும்பத்துக்கு 50,000 டாலர் இழப்பீடு, அதோடு வழக்கறிஞர் கட்டணம். பத்திரிகைத் தலைப்புக்கு ஏற்றது இந்தத் தொகைதான். ஆனால் உடன்படிக்கையின் மற்ற விதிகளைப் படிக்கும்போது, வில்கின்ஸுக்குள் இருந்த பொறியியல் மாணவர் விழித்துக்கொண்டிருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. இனத்தை வைத்துக் கடத்தல்காரரை அடையாளம் காணும் முறையைத் துறை எழுத்தில் தடை செய்ய வேண்டும். காவலர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். இவை எந்தச் சமரசத்திலும் வரக்கூடியவை. மூன்றாவதுதான் முக்கியம்: சம்மதம் பெற்றுச் செய்யும் ஒவ்வொரு சோதனையையும், மோப்ப நாயைக் கொண்டுவரும் ஒவ்வொரு நிறுத்தத்தையும் கணினியில் பதிய வேண்டும். தேதி, நேரம், இடம், வண்டியில் இருந்தவரின் இனம், என்ன கிடைத்தது, எல்லாம். பதிந்ததை நீதிமன்றத்துக்கும் ஏசிஎல்யு-வுக்கும் கொடுக்க வேண்டும்.

லயன்ஸுக்கு உச்ச நீதிமன்றம் கொடுக்க மறுத்த வழியை வில்கின்ஸ் குடும்பம் சமரசத்தின் வழியாக வாங்கிவிட்டது என்றுதான் இதைப் படிக்கிறேன். நீதிபதி கட்டளையிட மறுக்கக்கூடியதை, தோற்கப் பயந்த பிரதிவாதி கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். சிவில் உரிமை வழக்குகளில் இழப்பீட்டுத் தொகையைப் பேசி முடித்துவிட்டு எழுந்து போகிறவர்கள் மிகுதி. அவர்களைக் குறை சொல்ல முடியாது, வாழ்க்கை அப்படி. இவர்கள் எழுந்து போகவில்லை.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு வேறுபட்ட ஓட்டங்கள் ஒரே நேரத்தில் நிகழ்ந்தன.

வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம் சாலையோரக் கதவுகளை வரிசையாகச் சாத்திக்கொண்டிருந்தது. 1996 ஜூனில் ரென் வழக்கு. தலைநகரிலேயே, சாதாரண உடையில் இருந்த போதைப்பொருள் தடுப்புப் போலீசார், சந்திப்பில் இருபது விநாடிக்கு மேல் நின்ற ஒரு காரைப் போக்குவரத்து விதியைச் சாக்காக வைத்து மடக்கினார்கள். உண்மையான நோக்கம் எதுவானாலும் பரவாயில்லை, ஏதோ ஒரு போக்குவரத்து விதியை மீறியிருந்தால் மடக்கியது செல்லும் என்று நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதே ஆண்டு நவம்பரில் ரோபினெட் வழக்கு: சீட்டைக் கொடுத்து முடித்த பிறகு, நீங்கள் போகலாம் என்று சொல்லாமலே சோதனைக்குச் சம்மதம் கேட்கலாம். 1997 பிப்ரவரியில் மேரிலாந்தின் ஐ-95 நெடுஞ்சாலையில் இதே மாநிலப் போலீஸ் மடக்கிய ஒரு வண்டியைப் பற்றிய தீர்ப்பு: ஓட்டுநரை மட்டுமல்ல, உடன் வந்தவர்களையும் காரணம் சொல்லாமல் கீழே இறக்கலாம்.

ரென் தீர்ப்பில் ஒரு வாசல் மட்டும் திறந்து விடப்பட்டது. நிறம் பார்த்து மடக்கினார்கள் என்றால், அது முறையற்ற சோதனை பற்றிய நான்காம் திருத்தத்தின் விஷயமல்ல. சமத்துவம் பற்றிய திருத்தத்தின் கீழ் வழக்குப் போடுங்கள் என்றார்கள். சொல்வது எளிது. பாரபட்சம் என்று நிரூபிக்க, ஒரே தவறைச் செய்த வெள்ளையர்கள் எத்தனை பேர் மடக்கப்படாமல் போனார்கள் என்று காட்ட வேண்டும். மடக்கப்படாதவர்களுக்கு ஆவணம் ஏது?

இந்த இடத்தில்தான் மேரிலாந்தில் நடந்துகொண்டிருந்த இரண்டாவது ஓட்டம் வந்து சேர்கிறது. டெம்பிள் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ஜான் லாம்பர்த், ஏசிஎல்யு-வின் வேண்டுகோளின்படி அந்த ‘மடக்கப்படாதவர்களை’ எண்ணக் கிளம்பினார். முறை மிக எளியது. பால்டிமோருக்கு வடக்கே ஐ-95 சாலையில், வேகவரம்பு எதுவோ சரியாக அதே வேகத்தில் ஒரு காரை ஓட்டுவது. தங்களை முந்திச் செல்லும் ஒவ்வொரு வண்டியும் வேகவரம்பை மீறுகிறது. தாங்கள் முந்தும் வண்டி மீறவில்லை. ஒவ்வொன்றிலும் ஓட்டுபவரின் நிறத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வது. 5,741 வண்டிகளைப் பார்த்தார்கள். அவற்றில் 5,354 வண்டிகள் ஏதாவது ஒரு போக்குவரத்து விதியை மீறிக்கொண்டிருந்தன. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று!

இந்த ஓர் எண்ணை ரென் தீர்ப்போடு சேர்த்துப் படித்தால் தலை சுற்றும். ஏறக்குறைய சாலையில் போகிற எல்லோருமே சட்டப்படி மடக்கத் தக்கவர்கள். எனவே யாரை மடக்குவது என்பதைச் சட்டம் தீர்மானிக்கவில்லை, காவலரின் கண் தீர்மானிக்கிறது.

அந்தக் கண் யார்மீது விழுந்தது? லாம்பர்த் பார்த்த ஓட்டுநர்களில் கறுப்பினத்தவர் 16.9 சதவீதம். விதி மீறியவர்களில் 17.5 சதவீதம். அதாவது கறுப்பினத்தவரும் மற்றவர்களும் ஓட்டுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை. இனி போலீஸே தன் கையால் எழுதிக் கொடுத்த கணக்கு: 1995 ஜனவரி முதல் 1996 செப்டம்பர் வரை, அதே சாலைப்பகுதியில் மடக்கிச் சோதனையிடப்பட்டவர்கள் 823 பேர். அவர்களில் 600 பேர் கறுப்பினத்தவர். 72.9 சதவீதம். ஹிஸ்பானியர் முதலான பிற சிறுபான்மையினரையும் சேர்த்தால் 661 பேர். சாலையில் போகிறவர்களில் நான்கில் மூன்று பங்கு வெள்ளையர்கள். சோதனைக்கு நிறுத்தப்பட்டவர்களில் அவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதற்கு வழக்கமாக வரும் பதில் ஒன்று உண்டு: போதைப்பொருள் அவர்களிடம்தானே கிடைக்கிறது, போலீஸ் வேறு யாரைச் சோதிக்கும்? இந்தப் பதிலை அன்றும் பலர் மனமார நம்பினார்கள், இன்றும் நம்புகிறார்கள். கணக்கு இல்லாதிருந்தால் அதை மறுக்க வழியே இருந்திருக்காது. ஏனென்றால் கறுப்பினத்தவரையே சோதித்தால், பிடிபடுபவர்களும் பெரும்பாலும் கறுப்பினத்தவராகத்தான் இருப்பார்கள். அந்தக் கைதுகளைக் காட்டி அடுத்த சோதனையை நியாயப்படுத்தலாம். வில்கின்ஸ் உடன்படிக்கை ‘என்ன கிடைத்தது’ என்பதையும் எழுதச் சொல்லியிருந்ததால் அந்த வட்டம் உடைந்தது. சோதிக்கப்பட்ட கறுப்பினத்தவர்களில் 28.4 சதவீதத்தினரிடம் தடைசெய்யப்பட்ட பொருள் கிடைத்தது. வெள்ளையர்களில் 28.8 சதவீதத்தினரிடம். வேறுபாடு இல்லை. எந்த நிறத்தவரைச் சோதித்தாலும் பத்தில் ஏழு பேரிடம் ஒன்றுமே இல்லை. வில்கின்ஸ் குடும்பத்தைப் போல வெறுங்கையோடு சாலையோரம் நின்ற அந்த ஏழு பேரைப் பற்றி எந்தக் குற்ற வழக்குப் பதிவிலும் தகவல் இருக்காது. அவர்கள்மீது வழக்கே இல்லையே.

1996 நவம்பரில் ஏசிஎல்யு இந்த எண்களோடு நீதிமன்றத்துக்குத் திரும்பியது: எழுத்தில் தடை செய்துவிட்டுச் சாலையில் அதையே செய்கிறார்கள், உடன்படிக்கையை அமல்படுத்துங்கள். காவல்துறை பாரபட்சத்தை மறுத்தது. 1997 ஏப்ரலில் நீதிபதி கேத்தரின் பிளேக், ஐ-95 சாலையில் பாரபட்சம் ஒரு தொடர் வழக்கமாக நிலவுவதை வாதிகள் போதுமான அளவு காட்டியிருக்கிறார்கள் என்று கண்டு, கணக்குக் கொடுக்கும் கடமையை நீட்டித்தார். உச்ச நீதிமன்றம் மூன்று தீர்ப்புகளில் சாலையைக் காவலரிடம் ஒப்படைத்த அதே பத்து மாதத்துக்குள், ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் இது நடந்தது.

அதோடு தீர்ந்துவிடவில்லை. 1998இல் மடக்கப்பட்ட பலர் சேர்ந்து, கறுப்பினத்தவரின் பழம்பெரும் அமைப்பான என்ஏஏசிபி-யின் மேரிலாந்துக் கிளைகளோடு புதிய வழக்கைத் தொடுத்தார்கள். 2003இல் துறையின் நடைமுறைகளைப் பற்றி ஓர் ஒப்பந்த ஆணை. புகார் கொடுக்கும் வழியை வண்டியோட்டிகளுக்குத் தெரிவிப்பது, வந்த புகாரை முறையாக விசாரிப்பது போன்றவை அதில் இடம்பெற்றன. இழப்பீடுகளைப் பேசி முடிக்க 2008 ஆயிற்று. அந்தப் புகார்களைப் போலீஸ் எப்படி விசாரித்தது என்ற கோப்புகளைக் காட்ட மாட்டோம் என்று இன்னொரு சண்டை. பெயர்களை மறைத்துவிட்டுக் கோப்புகளைக் கொடுத்தாக வேண்டும் என்று மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் சொன்னது 2013இல். கம்பர்லாந்தின் அந்த விடியற்காலையிலிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல். ஒவ்வொரு கட்டத்திலும் துறை கடைசிவரை மறைக்கப் பார்த்தது காகிதத்தைத்தான்.

கணக்கு எழுதும் யோசனை மேரிலாந்துக்கு வெளியிலும் போனது. மிச்சிகனின் ஜான் கான்யர்ஸ் கொண்டுவந்த, போக்குவரத்து நிறுத்தங்களின் விவரங்களைத் திரட்டச் சொல்லும் மசோதா 1998 மார்ச்சில் மக்கள் சபையில் நிறைவேறி, செனட்டில் கிடப்பில் போடப்பட்டது. மறு ஆண்டு வட கரோலினா இதற்குச் சட்டம் இயற்றிய முதல் மாநிலமாயிற்று. அதே 1999இல் கூட்டாட்சி அமைப்புகள் விவரம் திரட்ட வேண்டும் என்று அதிபர் கிளின்டன் உத்தரவிட்டார். மேரிலாந்து 2001இல் மாநிலம் முழுவதற்கும் சட்டம் கொண்டுவந்தது. கறுப்பராக இருந்துகொண்டு கார் ஓட்டிய குற்றம் என்று கறுப்பினத்தவர் தங்களுக்குள் கசப்போடு சொல்லிவந்தது, புள்ளிவிவரமாகச் சட்டமன்றங்களின் மேசைக்கு வந்தது இப்படித்தான்.

கணக்கு எழுதினால் அநியாயம் நின்றுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நிற்கவில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல மாநிலங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் ஏறத்தாழ 10 கோடி நிறுத்தங்களின் பதிவுகளைச் சேர்த்து 2020இல் ஆய்வு வெளியிட்டார்கள். பொழுது சாய்ந்து, ஓட்டுபவரின் முகம் வெளியே தெரியாத நேரத்தில், மடக்கப்படுகிறவர்களில் கறுப்பினத்தவரின் விகிதம் குறைகிறது என்று கண்டார்கள். வெளிச்சத்தில் கூடுகிறது. கறுப்பினத்தவரையும் ஹிஸ்பானியரையும் சோதிக்கக் காவலர்களுக்குக் குறைவான சந்தேகமே போதுமாக இருக்கிறது என்றும் கண்டார்கள். லாம்பர்த் கேட்ட கேள்வியேதான். 1992இல் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், பதில் சொல்ல ஒரு பதிவுகூடக் கிடைத்திருக்காது. துறை மறுக்கும், குடும்பம் புலம்பும், நீதிபதி இரண்டையும் கேட்டுவிட்டு எழுந்து போவார். அந்த நிலை மாறியது சின்ன விஷயம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

சாலையோரத்தில் வில்கின்ஸ் எழுப்பிய சட்ட வாதத்துக்கும் ஒரு பின்கதை உண்டு. முறையான நிறுத்தத்தின்போது, நேரத்தை நீட்டாமல், நாயை விட்டு முகர வைக்கலாம் என்று 2005இல் காபலஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. நீட்டினால்? நெப்ராஸ்காவில் எச்சரிக்கைச் சீட்டை எழுதி முடித்த பிறகு ஓர் ஓட்டுநரை ஏழெட்டு நிமிடம் கூடுதலாக நிறுத்தி நாயைவிட்ட வழக்கு 2015இல் வந்தது. ரோட்ரிகஸ் வழக்கு என்று பெயர். சந்தேகத்துக்குக் காரணமில்லாமல், நாய்ச் சோதனைக்காக நிறுத்தத்தை நீட்டக் கூடாது என்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தீர்ப்பு எழுதினார். மழை பெய்த அந்த விடியலில் காவலரிடம் 28 வயது வக்கீல் சொல்லிப் பார்த்ததும் இதுவே. அதற்குள் அவர் கூட்டாட்சி நீதிபதியாகிவிட்டார்: 2010இல் மாவட்ட நீதிமன்றத்துக்கும், 2014இல் தலைநகரின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போனார். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் வரலாற்றுக்காக வாஷிங்டனில் தேசிய அருங்காட்சியகம் அமையப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். அது 2016இல் திறக்கப்பட்டது.

மேரிலாந்தில் நியாயம் கேட்டவர்கள் எந்தக் குற்றச்சாட்டும் இல்லாதவர்கள். நியூ ஜெர்சியில் கதை வேறு. அங்கே சுங்கச்சாலையில் பிடிபட்டு, போதைப்பொருள் வழக்கில் கூண்டில் நின்ற 17 பேர், எங்களை நிறம் பார்த்து மடக்கினீர்கள், அந்த ஆதாரம் செல்லாது என்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களின் வாயிலிருந்து வந்த அந்த வாதத்தை நீதிபதி ராபர்ட் ஃபிரான்சிஸ் 1996 மார்ச்சில் ஏற்றுக்கொண்டார். அரசு மேல்முறையீடு செய்தது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே, 1998 ஏப்ரலில், அதே சாலையில் கூடைப்பந்துப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த நான்கு இளைஞர்களின் வண்டியைக் காவலர்கள் இருவர் மடக்கிச் சுட்டார்கள்; மூவர் காயமடைந்தார்கள். அடுத்த பகுதியில் அந்தச் சாலைக்குப் போவோம்.

(தொடரும்)